கோலுக்காகப் பேச வந்தவர்

மாந்த்ரோனுக்கு அந்த வருடம் அரசர் பதவி கிடைத்தது அவரைக்கொட்டையால். குடத்துக்குள் கையை விட்டான், வெள்ளைக்கொட்டை வந்தது, அரசராகிவிட்டான். எங்கள் தெலூசாவில் அரசர் என்றால் அரண்மனையோ படையோ கிடையாது. ஒரு வருடம் தலையில் இலைமாலை வைத்துக்கொண்டு பலிகளை நடத்த வேண்டும். யாராவது அகாலமாகச் செத்தால் அதற்கு யார் பொறுப்பு என்று விசாரித்து ஊரின் தீட்டைக் கழிக்க வேண்டும். மற்றபடி அவன் சாதாரண எண்ணெய் வியாபாரி. பதவி வந்த அன்றே அவன் மனைவி அர்கியா, பலி கொடுப்பதெல்லாம் சரி, சாவு வழக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அடுப்புத் தெய்வத்துக்கு எண்ணெய் ஊற்றினாள். கோடை தொடங்கும் வரை வரவில்லை. வந்ததோ, அவளுடைய சொந்த அண்ணனைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பெயர் மெலாந்தாஸ். யோசிப்பதுதான் அவருக்குத் தொழில். இப்படி ஒரு தொழில் உண்டு என்று எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளவே பல காலம் ஆயிற்று. மிலேத்தோஸ் நகரத்துப் பக்கம் அப்படிச் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்ட பிறகுதான், சரி, நம் ஊரிலும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள்.

உலகம் முழுக்க வண்டலிலிருந்து வந்தது என்பார் மெலாந்தாஸ். நீரில் மிதந்தது படிந்து மண்ணாகி, மண் சூடேறி உயிராகி, கடைசியில் நாம். மலைமேல் ஆடு மேய்க்கிற இடத்தில் கல்லுக்குள் சிப்பி கிடப்பதை எடுத்து வந்து காட்டி, இங்கே கடல் இருந்தது என்றார். யாரோ சாப்பிட்டுப் போட்டிருப்பான் என்றார்கள். நம் துறைமுகமும் ஒருநாள் வயலாகும், ஆறு கொண்டுவந்து கொட்டுகிற சேறு ஓயப்போவதில்லை என்றார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒரு பெரிய சரக்குக் கப்பல் துறைமுகத்து வாயிலிலேயே சேற்றில் சிக்கி, இழுக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் அங்கேயே உளுத்துப்போனது. அதன்பின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவர் தோல்மீது உலகத்தை வரைந்து சந்தையில் விரித்த நாளில் ஊரே வந்து பார்த்தது. தெலூசாவை ஒரு உளுந்தளவுக்குப் போட்டிருந்ததில் எல்லோருக்கும் வருத்தம்.

உளுத்த கப்பலின் பாய்மரத்தைத்தான் அவர் கேட்டு வாங்கிச் சந்தை நடுவில் நட்டார். உச்சியில் ஒரு வெண்கல முனை. தரையில் பாவிய கல்லில் கோடுகள். கோலின் நிழல் நீள்வதையும் குறுகுவதையும் வைத்து, பண்டிகை மாதங்கள் பருவத்தை விட்டு வழுக்கிக்கொண்டு போவதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அறுப்புப் பலிக்குப் பச்சைக் கதிரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்த ஊர், அவர் பேச்சைக் கேட்டு ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்தது. மறு வருடம் பலிக்கு முற்றின கதிர் வந்தது. அந்த ஒரு காரியத்தில் குடியானவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

ஆனால் அவருடைய ஆசை வேறு. நடுக்கோடையில் நிழல் மிகக் குட்டையாக விழும் நாள் ஒன்று இருக்கிறது. அந்த நிழலின் நுனி வருடா வருடம் ஒரே கோட்டுக்கு வருகிறதா, இல்லை இஷ்டப்படி மாறுகிறதா? ஒரே கோட்டுக்கு வந்தால் சூரியனுக்கும் தன்னிஷ்டம் என்று ஒன்று கிடையாது. கடவுள் கோபித்து எறிவதால் இடி விழுவதில்லை, கல் வேண்டுமென்று உருளுவதில்லை, எல்லாம் தத்தம் வழியில் போகின்றன. இதைத்தான் அவர் வாழ்நாள் பூராவும் சொல்லிவந்தார். வயதாகிவிட்டது, கண் மங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கோடையும் பார்த்துவிட்டால் போதும் என்று அர்கியாவிடம் சொல்லியிருந்தார்.

கோலைச் சந்தை தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. நாய்கள் காலைத் தூக்கின. கழுதைகளைக் கட்டினார்கள். உலர்ந்த அத்திப்பழம் விற்கும் லாம்பிஸ் கிழவரும் அவர் மகன் மோலோனும் அதன் அடியில்தான் கூடையை வைத்துக் கடை போட்டார்கள். மோலோனுக்குப் போன குளிர்காலத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் அப்பாவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பார்லி ரொட்டியும் வெங்காயமுமாகக் கோலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். கோல் வேரோடு சாய்கிற மரம்போலச் சாய்ந்து, எதிர்க்கடைத் திண்டில் மோதித் திரும்பி அவன் மேலேயே விழுந்தது. தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

இனி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மனிதன் கை படாமல் ஒரு பொருள் ஒருவனைக் கொன்றால், அந்தப் பொருளையே நிறுத்தி விசாரிப்போம். கல்லோ, இரும்போ, மரமோ, விசாரித்துக் குற்றம் என்று கண்டால் ஊர் எல்லைக்கு அப்பால் எறிந்துவிடுவோம். தீட்டு அதோடு போய்விடும். முந்தின வருடம் கூரையிலிருந்து விழுந்து ஒருவனைக் கொன்ற ஓடு ஒன்றை இப்படித்தான் ஊர்ப் பெரியவர்கள் இழவு முகத்தோடு எல்லைவரை தூக்கிப்போய் எறிந்துவிட்டு வந்தார்கள். கோலுக்கும் அதேதான் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கோல் குற்றவாளி என்றால் கோலை நட்டவருக்கு ஒன்றுமில்லை. கோல் குற்றவாளி இல்லையென்றால்தான் பிரச்சினை. அப்போது ஒரு மனிதனைத் தேடிப்பிடித்து ஊரைவிட்டு அனுப்ப வேண்டும்.

மாந்த்ரோனுக்கு இந்த வழக்கம் அந்த வருடம் தேனாய் இனித்தது. மச்சான் பிழைத்தார். விசாரணை நாளில் அவர் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தால் போதும்.

அதைச் சொல்லத்தான் அவரை வீட்டுக்கு அழைத்தான். மெலாந்தாஸ் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். சாவு நடந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அர்கியா ஆலிவும் பாலாடைக்கட்டியும் வைத்தாள், தொடவில்லை.

"மச்சான், நாளைக்கு நீ அந்தப் பக்கமே வராத," என்றான் மாந்த்ரோன். "வயிறு சரியில்லன்னு படுத்துக்க. நாங்க விசாரிக்கிறோம், தூக்கிட்டுப் போறோம், எறியறோம். வேற மரம் வாங்கித் தர்றேன், என் செலவு."

"கோல் கொன்னுச்சுன்னு தீர்ப்பு சொல்லப் போறே."

"ஆமா."

"கோலுக்கு மோலோன் மேல என்ன கோவம் மாப்ள?"

இந்தக் குரல் மாந்த்ரோனுக்குப் பழக்கம். மலைச்சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய அதே குரல். இது பேச்சுக்கு ஒரு வழக்கம், யாரும் உண்மையிலேயே மரத்துக்கு மனசு இருக்கிறது என்று நம்பவில்லை, ஊர் தீட்டைக் கழித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க ஒரு வழி என்று தன்னால் முடிந்தவரை சொல்லிப்பார்த்தான். நம்பாததை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார் மெலாந்தாஸ். பிறகு மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். அதுதான் மாந்த்ரோனின் தூக்கத்தைக் கெடுத்தது.

"வசந்தத்துலயே அது சாய ஆரம்பிச்சிடுச்சு. ஆத்துத் தண்ணி அடியில ஊறுது. நூல் கட்டிப் பாத்தேன், தெரிஞ்சது. தோண்டி மறுபடி நட்டா என் கோடெல்லாம் தப்பாயிடுமோன்னு பயம். நடுக்கோடை வரைக்கும் நின்னா போதும்னு ஒரு ஆப்பு அடிச்சு விட்டுட்டேன்."

மாந்த்ரோன் வாசலைப் பார்த்துக்கொண்டான், தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று. இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டான். இல்லை என்றார். அப்படியானால் இதோடு முடிந்தது, நான் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை என்றான். அர்கியா அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். எப்போதும் அண்ணனைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பவள், அன்று கிண்டல் பண்ணவில்லை.

"அண்ணே, உனக்கு இருக்கிறது நான் ஒருத்தி. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன். இந்த வயசுல எந்த ஊர் எல்லையில போய் நிக்கப் போற? நாளைக்கு நீ வாயைத் தொறந்தேன்னு கேள்விப்பட்டேன், இந்த அடுப்புப் பக்கம் வராத."

அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

சாவு வழக்கை நாங்கள் வெட்டவெளியில்தான் நடத்துவோம். கூரைக்கு அடியில் நடத்தினால் தீட்டு எல்லோருக்கும் ஒட்டும். சந்தையின் கிழக்கு ஓரத்தில் மாந்த்ரோன் மாலையோடு நடுவில் உட்கார்ந்தான்; குலத்தலைவர்கள் இரண்டு பக்கமும். முன்னால் தரையில் கோல் கிடந்தது. அதன் வெண்கல முனை வளைந்திருந்தது. லாம்பிஸ் தலைமயிரை மழித்துக்கொண்டு, கறுப்புத் துணி போர்த்தி எதிரே நின்றார். முறைப்படி கோலை ஈட்டியால் சுட்டி, இது என் மகனைக் கொன்றது என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னார். குரலில் ஒரு உயிரும் இல்லை. கடையில் விலை சொல்லும்போதுகூட அவர் இதைவிட அழுத்திச் சொல்வார்.

மெலாந்தாஸ் கண்ணில் படவில்லை. மாந்த்ரோன் மனசுக்குள் எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னான்.

கடைசியாக ஒரு சடங்கு பாக்கி. குற்றம் சாட்டப்பட்டதற்காகப் பேச யாராவது உண்டா என்று கூவுகிறவன் கூவுவான். கூரை ஓட்டுக்காக யார் பேசுவார்கள்? திரிகைக்கல்லுக்காக யார் பேசுவார்கள்? எங்கள் தாத்தா காலத்திலிருந்து யாரும் பேசியதில்லை. கூவுகிறவன் பாதிக் கொட்டாவியோடு கூவினான். மறுபடி கூவினான். இரண்டாவது கூவலுக்குக் கூட்டம் பின்னாலிருந்து விலகிக்கொண்டே வந்தது.

"நான் பேசறேன்," என்றார் மெலாந்தாஸ்.

யாரோ சிரித்தார்கள். கிழவர் தன் பாய்மரத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். மாந்த்ரோன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்ணாலேயே கெஞ்சினான். மெலாந்தாஸ் அவனைப் பார்க்காமல் லாம்பிஸைப் பார்த்துப் பேசினார்.

"இது மரம். இதுக்கு உன் பிள்ளையத் தெரியாது. அடி இளகுச்சு, கனம் இழுத்துச்சு, விழுந்துச்சு. வேற யார் உக்காந்திருந்தாலும் விழுந்திருக்கும். இது சாயுதுன்னு தெரிஞ்ச ஆள் ஊர்ல ஒருத்தன்தான். நான். தெரிஞ்சும் விட்டேன், ஒரு நிழலுக்காக. அடியில நீங்க உக்காந்திருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும். தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

சிரிப்பு நின்றுபோனது.

"நான் சொல்றது புரியுதா லாம்பிஸ்? கோல் கொல்லல. உன் மகன் செத்தது என்னால."

குலத்தலைவர்களில் ஒருவர் எழுந்து, இந்தாள் வயதான கோளாறில் உளறுகிறார், உட்காரச் சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர், காப்பாற்றத்தான் பார்த்தார். மாந்த்ரோனும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். சொல்வதைத் தெரிந்துதான் சொல்கிறாயா, இதன் விளைவு தெரியுமா என்று கேட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "தெரியும் மாப்ள," என்றார் அவர். விசாரணையில் அரசரை உறவு சொல்லி அழைக்கக் கூடாது. யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பில் யோசிக்க ஒன்றுமில்லை. வேண்டுமென்று செய்யாத கொலைக்கு ஊரைவிட்டுப் போக வேண்டும். செத்தவன் வீட்டார் மனமிறங்கிக் கூப்பிடும் வரை திரும்பக் கூடாது. கோல் குற்றமற்றது. மாந்த்ரோன் எழுந்து நின்று இதைச் சொன்னான். சொல்லும்போது, அர்கியா வீட்டில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவன் கண்முன் வந்தது. நடுவில் ஒருமுறை இருமிக்கொண்டு சொல்லி முடித்தான்.

அர்கியா அழவில்லை. பார்லி ரொட்டி, உப்புமீன், கம்பளி எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தாள். விசாரணை முடிவதற்கு முன்பே கட்டியிருக்கிறாள் என்று மாந்த்ரோனுக்குப் பிறகுதான் உறைத்தது. அண்ணனை அடுப்புப் பக்கம் வராதே என்றவள், இப்போது தீட்டுக்காரர் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் மூட்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். "மீனை இன்னிக்கே சாப்பிட்டுடு, நாளைக்கு நாறிடும்," என்றாள்.

எல்லைவரை கொண்டுவிடுவது அரசர் வேலை. மாந்த்ரோனும் மெலாந்தாஸும் உப்பளத்தை ஒட்டிய பாதையில் நடந்தார்கள். பின்னால் கொஞ்சம் தள்ளி லாம்பிஸ் வந்தார். செத்தவன் வீட்டாருக்கு அந்த உரிமை உண்டு, வழியில் ஒளிந்துகொள்ளாமல் போகிறானா என்று பார்க்க. மாந்த்ரோனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பொய், அதுவும் வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய பொய். அதைச் சொல்ல முடியாத மனிதன் என்ன மனிதன் என்று திட்டித் தீர்த்தான். மெலாந்தாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வரப்பைக் காட்டி, நான் சின்னவனாக இருந்தபோது இங்கே வலை போட்டிருக்கிறேன் என்றார்.

எல்லை ஓடையில் முழங்கால் தண்ணீர். மெலாந்தாஸ் அக்கரை ஏறின பிறகு, பின்னால் வந்த லாம்பிஸ் அந்த வழியில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கோல் செஞ்சதுன்னு விட்டிருந்தீன்னா, நான் என்ன பண்றதுன்னே தெரியல எனக்கு. நேத்து ராத்திரி அந்த மரத்தை உதைச்சேன். கால்தான் வீங்கிருக்கு. அது எனக்கு என்ன பதில் சொல்லும்?" வீங்கின காலை மாற்றி ஊன்றினார். "இப்ப உன் மேல கோவமா இருக்கேன். ரொம்பக் கோவமா இருக்கேன். அது தீர்ற வரைக்கும் வராத. தீந்தா ஆள் அனுப்புறேன்."

"சரி," என்றார் மெலாந்தாஸ். மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு வடக்கே நடந்தார். தன் கோலைப் பற்றியோ நடுக்கோடையைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோல் சந்தையில் விசாரணை நடந்த இடத்திலேயே கிடந்தது. குற்றமற்றது என்று தீர்ப்பு வந்தாலும் யாரும் அதைத் தொடவில்லை. நாய்கள்கூடச் சுற்றிக்கொண்டு போயின என்று சொன்னார்கள், அது வெறும் பேச்சு. வெயில் நாளுக்கு நாள் ஏறியது. ஒருநாள் காலையில் மாந்த்ரோன் எண்ணெய்க் கடையைத் திறக்கும்போது, லாம்பிஸ் அந்தக் குழிக்குள் இறங்கி நின்று சேற்றை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். மாந்த்ரோன் போய்ப் பார்த்தான். பக்கத்தில் கருங்கல் குவியல். ஆற்றோரத்திலிருந்து கழுதைமேல் ஏற்றி வந்திருந்தார்.

"என்ன பெரியவரே பண்றீங்க?"

"நாளைக்கு எவனாவது இதை நிமித்தி வைப்பான். ஒழுங்கா வைப்பானா? இன்னொருத்தன் பிள்ளை இதுக்கடியில உக்காருவான்." அவர் நிமிரவில்லை. "பாத்துக்கிட்டு நிக்காத தம்பி, கல்லை எடுத்துக் குடு."

மாந்த்ரோன் அரசர் மாலையைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டு வந்து இறங்கினான். வளைந்திருந்த வெண்கல முனையை முதலில் தட்டி நேராக்கினார்கள். மெலாந்தாஸ் கோலில் தரை மட்டத்துக்கு ஒரு தார் வளையம் பூசியிருந்தார்; கழுதையைக் கட்டிக் கோலை இழுத்து நிமிர்த்தி, அந்த வளையம் வரை குழிக்குள் இறக்கினார்கள். சுற்றிலும் கல் அடித்து இறுக்கி, கல்லில் கீறிய கோடுகளின் நடுவிலேயே நிற்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்து, இருவரும் தோள் கொடுத்து முட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. அதன்பின் லாம்பிஸ் தன் கூடையைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து மத்தியானங்களில் மாந்த்ரோன் கடையை விட்டு வந்து நிழலைப் பார்த்தான். ஏன் பார்க்கிறான் என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அர்கியா வீட்டில் கேட்பாள், சுருங்குகிறதா என்று. சுருங்குகிறது என்பான். பிறகு ஒரு மத்தியானம் அது முந்தின நாளைவிடச் சுருங்காமல் நின்றது. மறுநாள் ஒரு நூலளவு நீண்டது. நின்ற நாளில் நிழலின் நுனி விழுந்த இடத்தை மாந்த்ரோன் கரியால் குறித்து வைத்திருந்தான். குனிந்து தூசியை ஊதிப் பார்த்தபோது, கரிக்கு அடியில் மெலாந்தாஸின் பழைய கோடு இருந்தது. பக்கத்தில் அவர் வருடத்துக்கு ஒன்றாகக் கீறிய குறிகளைப் பார்த்தால், முந்தின கோடையின் கோடு. அதற்கும் முந்தின கோடையின் கோடும் அதேதான்.

லாம்பிஸ் கூடைக்குப் பின்னாலிருந்து கேட்டார். "எங்க விழுது?"

"அதே கோட்டுல."

"மாறலையா?"

"மாறல."

லாம்பிஸ் எழுந்து வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மழை, கால், கழுதைக் குளம்பு எல்லாம் பட்டுக் கோடு மங்கியிருந்தது. இடுப்பிலிருந்து அத்திப்பழம் அறுக்கும் கத்தியை எடுத்தார்.

மாந்த்ரோன் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தான். வாய் கேட்டுவிட்டது. "கோவம் தீந்துச்சா பெரியவரே?"

"இல்ல," என்றார் லாம்பிஸ். கத்தி முனையைக் கோட்டில் வைத்து, அந்த மனிதர் திரும்பி வந்து பார்க்கும்போது அழிந்திருக்கக் கூடாது என்பதுபோல, ஆழமாகக் கீற ஆரம்பித்தார்.